எக்ஸலில் ஒட்டிய நிரல்

ஒரகடம் தொழிற்சாலையில் இயந்திரங்களை ஓட்டும் நிரலை எழுதுவது என் வேலை. நிரலும், அதை ஏன் அப்படி எழுதினோம் என்ற விளக்கமும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கான மென்பொருள்களைப் படப்பையில் நான் தங்கியிருந்த அறையில் ஒரு மாதம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோனேன். மேனேஜர் திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“இதெல்லாம் இன்னாத்துக்குப்பா? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எக்ஸல்ல ஒட்டு. ஆடிட்டர் அதான் கேப்பாரு.”

கருமம் என்று ஒட்டித் தொலைத்தேன். அதன்பின் நிரலை நாலு முறை மாற்றினோம். படங்களை யாரும் மாற்றவில்லை.

தரச் சோதனைக்கு ஆடிட்டர் வந்தார், பக்கங்களை எண்ணினார், பிரமாதம் என்றார். அதில் இருந்த பழைய நிரல் இப்போது எங்கள் எந்த இயந்திரத்திலும் ஓடவில்லை. ‘தேங்க்ஸ் சார்’ என்று பல்லிளித்ததும் நான்தான்.