வேனில் திரும்பி வந்த ஜூலி

நாய் பிடிக்கும் வேன் எங்கள் தெருவுக்கு வந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீட்டில் மட்டும் இருந்திருந்தால் ஜூலியைப் பிடித்துக்கொண்டு போக விட்டிருக்கவே மாட்டேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் வேனை மறித்து என்ன கிழித்திருப்பாள் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று அப்பா சமாதானம் சொன்னார். அப்பாவுக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஷிப்டு மாறி மாறி வரும் என்பதால் அவர் சொல்வதெல்லாம் பாதித் தூக்கத்தில் சொன்ன மாதிரியே இருக்கும்.

ஜூலி செம்மண் நிற நாட்டு நாய். வால் நுனி மட்டும் வெள்ளை. குட்டியாக எங்கள் வாசலில் வந்து நின்ற அதற்குப் பேர் வைத்தவர் அம்மா. வாயில்லா ஜீவனுக்குச் சோற்றை விசிறி எறியக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தட்டில் வைக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அம்மாதான். அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறு வருஷம், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி எங்கள் ஊர் பென்னலூருக்கு வந்தார். வந்த வேகத்தில் சமையல்கட்டில் டப்பா டப்பாவாக இடம் மாற்றினார். சாயங்காலம் நாய்க்குச் சோறு வைக்கும் வேலையை மட்டும் என்னிடமே விட்டுவைத்தார்.

ஜூலியைப் பிடித்துப்போன ஒரு வாரம் கழித்து வேன் திரும்பி வந்தது. தெருமுனையில் கூண்டைத் திறந்ததும் செம்மண் நிற நாய் ஒன்று இறங்கியது. ஒரு காதின் நுனியைக் கத்தரித்திருந்தார்கள். ஆபரேஷன் ஆன நாய்க்கு அதுதான் அடையாளமாம். வால் நுனி வெள்ளை. ஜூலி வந்துவிட்டது என்று தெருப் பிள்ளைகள் அதை எங்கள் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாண மண்டபம் மாறி வந்துவிட்டவரைப் போல அது கேட்டுக்கு வெளியே தயங்கி நின்றது. என்னைப் பார்த்தது. அந்தக் கண்களில் என்னைத் தெரிந்த குறியே இல்லை.

ஆபரேஷன் ஆன நாய் கொஞ்சநாள் அப்படித்தான் மிரண்டு கிடக்கும் என்றார் அப்பா. ஜூலி கம்பெனி பஸ்ஸைக் கண்டால் சக்கரத்தோடு சண்டைக்குப் போகும். இது குரைக்கவே இல்லை. சாயங்காலம் மெயின்ரோட்டில் ஷிப்டு பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து கேட்டுக்குப் போகும். அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் வாலை ஆட்டும். பிறகு, உள்ளே வருகிறவருக்கு வழி விடுவதுபோல ஒதுங்கி, முகத்தை உயர்த்தியபடி யாரோடோ கூடவே வாசற்படி வரைக்கும் நடந்து வரும்.

செத்துப் போனவர்கள் நாயின் கண்ணுக்குத் தெரிவார்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தான். வருவது அம்மாதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அந்த நேரத்தில் கேட்டுக்கும் படிக்கும் நடுவில் நடக்க மாட்டேன். அம்மா மேல் இடித்துவிடக் கூடாதே என்று சுவரை ஒட்டியே போவேன். பயமாக இருந்தது. அதைவிட, இந்த நாய்க்குத் தெரிகிற அம்மா எனக்கு ஏன் தெரியவில்லை என்று அழுகை வந்தது.

ஜூலி என்று அதைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அம்மா வைத்த பேரை இதற்குக் கொடுத்துவிட்டால், நிஜ ஜூலி வந்து நிற்கும்போது கொடுக்க என்னிடம் பேர் இருக்காது. அதனால் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துகொள்வேன். நாய் தட்டைத் தொடாது. என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அதையும் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வைத்து வளர்த்திருக்க வேண்டும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வீட்டு வாசலில் ஒரு ஜீவன் பட்டினி கிடந்து சாக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை கோயில் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், அங்கே யாராவது போடுவதைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்றார் அப்பா. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அது போய்விட்டால் அம்மா வந்தாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சனிக்கிழமை சாயங்காலம் அது வழக்கம்போல வெறும் கேட்டைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. சித்தி வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இது ஜூலி இல்லை, இது அம்மாவைப் பார்த்துத்தான் வாலாட்டுகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

“இது ஜூலி இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும் பாப்பா. இது இருந்த வூட்ல யாரோ இந்நேரத்துக்கு பஸ்ஸுல வந்து எறங்கியிருப்பாங்க. அவங்களத்தான் பாத்துகினு கீது.”

“அப்ப, தான் ஜூலி இல்லன்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியும். தெரிஞ்சாலும் நீ கூப்ட்டா வரும். வந்த எடத்துல இருந்துதானே ஆவணும்.”

அதுவரை நாய்க்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன். தான் வேறு என்று தெரிந்துகொண்டே ஜூலியாக வந்து நிற்கத் தயாராக ஒரு நாய் எங்கள் வாசலில் இருப்பது, அம்மா வந்து போவதைவிடப் பெரிய பயமாக இருந்தது. நிஜ ஜூலி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“வந்தா ரெண்டுத்துக்கும் வெப்போம். அதுக்காவ இத பட்டினி போடுவாங்களா?”

ஜூலி என்று கூப்பிட்டேன். சத்தம் பாதிதான் வந்தது. நாயின் வால் நின்றது. கேட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி என்னிடம் வந்தது. தட்டில் இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றது. இனி இதை எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டாம் என்று அப்பாவிடம் தாமே சொல்லிவிடுவதாகச் சித்தி சொன்னார்.

அப்போது எதிர்வீட்டு அக்கா, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடம் எடுத்துக்கொண்டு வா என்று தெருவிலிருந்து குரல் கொடுத்தார். பழக்கதோஷத்தில் சித்தியை அம்மாவின் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அம்மாவோடு அத்தனை வருஷம் குழாயடியில் நின்றவர். வாய் தவறுவது அவருக்கு அடிக்கடி நடப்பதுதான். சித்தி ஒருநாளும் திருத்தியதில்லை. “தோ வரேன்க்கா” என்று எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு போனார். நாய் தட்டை நக்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயைக் கண்டு அவ்வளவு பயந்த எனக்கு, சித்தி அந்தப் பேருக்கு எழுந்து போனதில் அன்றைக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை.