சிவப்புப் பொத்தானில் எழுதிய சொல்

செல்வப்பிரியாவின் தொழில் என்னவென்று பாலக்காட்டை அடுத்த வடகரப்பதியில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல கேள்வி கேக்கற வேலைங்க" என்று அவள் கணவன் ஜெகன் தான் வேலைபார்க்கும் கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில் சொல்லிவைத்திருந்தான். அது பாதிதான் உண்மை. கேள்வியை யாரோ எழுதுவார்கள், பதிலை யாரோ சொல்வார்கள். நடுவில், அந்தக் கேள்வி போனில் எப்படித் தெரியவேண்டும், எங்கே தொட்டால் என்ன ஆகவேண்டும் என்று அமைத்துக் கொடுப்பவள் அவள். கொச்சியிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே செய்தாள். கரண்டு போகும்போது மட்டும் திட்டுவாள். மற்றபடி பிடித்த வேலை.

அதிலும் மிகப் பிடித்தது, ஒரு பத்தியைக் காட்டி அதிலுள்ள சொற்களைத் தொட்டு நிறமடிக்கச் சொல்லும் கேள்விதான். பத்தியை ஒட்டியதும், இடைவெளி இருக்கும் இடத்திலெல்லாம் கேள்வியை அனுப்பும் இணையதளம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடும். வெட்டிய துண்டுதான் தொடுகிற துண்டு. தமிழை அப்படி வெட்டினால் வம்பு. 'கட்டணம் இல்லை' என்று எழுதியிருந்தால், 'இல்லை'க்கு வந்து சேரும் முன்பே ஜனங்கள் 'கட்டணம்' மேல் சிவப்பை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நாம்தான் 'இல்லை'யைக் கடைசியில் சொல்லிப் பழகியவர்களாயிற்றே! அதனால் எதை எதோடு சேர்த்து ஒரே துண்டாக்க வேண்டும் என்று உட்கார்ந்து பார்ப்பாள். சோறு ஆறினாலும் எழுந்து வரமாட்டாள்.

"ஏனம்மிணி, உண்டுபோட்டுச் செஞ்சா அந்தப் பத்தி ஓடியா போயிரும்?" என்பான் ஜெகன்.

ஒருமுறை வந்த பத்தி அவள் பிறந்த எஸ்டேட்டைப் பற்றியது. மூணாறு மலையில், தேயிலைக்கு நடுவே. அங்கே ஓர் அறக்கட்டளை குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தது. வாரநாட்களில் மட்டும் இருந்ததை, ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களிலும் திறந்து சோதனையாக நடத்திப் பார்த்தார்கள். அது தொடரவேண்டுமா என்று தாய்மார்களிடம் கேட்க வேண்டும். பத்தியில் எது அவர்களுக்குப் பிடிக்கிறதோ அதில் பச்சை, எது தொல்லையோ அதில் சிவப்பு.

அந்தத் தாய்மார்களில் ஒருத்தி அவளுடைய தங்கை சிவசங்கரி. எஸ்டேட்டை ஒட்டிய ரிசார்ட்டில் அறை கூட்டும் வேலை. புருஷன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான். ஊர் உலகம் ஓய்ந்திருக்கும் ஞாயிறன்றுதான் இருவருக்கும் இடுப்பொடியும் வேலை. ஞாயிறு வராவிட்டால் மற்ற நாளும் வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. காப்பகம்தான் கதி.

அதனாலேயே செல்வப்பிரியா இழைத்து இழைத்துச் செய்தாள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கத் தொடும் பொத்தானில் எழுத நிறுவனம் சொல் எதுவும் தரவில்லை, பொருளைத்தான் சொல்லியிருந்தது. பொத்தான் குறுகல், ஒரு சொல்தான் கொள்ளும். பச்சைக்கு 'நிம்மதி' என்று போட்டாள். சிவப்புக்கு 'கஷ்டம்' என்று அடித்தாள். பேச்சுத் தமிழாக இருக்கிறதே என்று அழித்தாள். 'துன்பம்' பிரசங்கம் மாதிரி ஒலித்தது. கடைசியில் 'அவதி' என்று போட்டாள். அளவாகவும் நல்ல தமிழாகவும் இருந்தது. ஜெகனிடம் போனைக் கொடுத்துச் சோதித்தாள். அவன் சரியாகவே தொட்டான்.

பதில்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை சிவப்பு, பண்டிகை சிவப்பு. ஒருவர் பாக்கியில்லை. தாய்மார்கள் ஞாயிறன்று குழந்தையோடு இருக்க விரும்புகிறார்கள்போல என்று நிறுவனத்தின் டின்சி சேச்சி உருகி உருகி அறிக்கை எழுதினார். செல்வப்பிரியாவுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் எண்ணிக்கைக்கு முன்னால் உறுத்தல் எம்மாத்திரம்? பேசாமல் இருந்துவிட்டாள்.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள்.

"ஏக்கா, ஒங்க கம்பெனில என்னத்த எழுதிக் குடுத்தீங்க? வர்ற மாசத்துலருந்து ஞாயித்துக்கெழம காப்பகம் கெடையாதாம்!"

"நீங்கதானடி வேணாம்னு செவப்பு அடிச்சீங்க."

"நாங்களா? ஒனக்கென்ன கிறுக்கா? பிள்ளைய எங்க விட்டுட்டு நான் வேலைக்குப் போவேன்?"

"அவதின்னு ஒரு பட்டன் இருந்துச்சுல்ல..."

"ஆமா, இருந்துச்சு. அவதி நாளு எதெதுன்னு கேட்ருந்தீங்க. ஞாயித்துக்கெழம, பண்டிக. அதத்தான் எல்லாரும் தொட்டோம். அதுல என்ன தப்பு?"

அப்போதுதான் செல்வப்பிரியாவுக்கு உறைத்தது. மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. பள்ளிக்கு அவதி, ஆபீசுக்கு அவதி, மழை கொட்டினால் கலெக்டர் அறிவிக்கும் அவதி. எஸ்டேட் தமிழிலும் அதேதான். அவளும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தாள். ஜெகன் வீட்டிலோ விடுமுறைக்கு லீவுதான். அங்கே அவதி என்றால் அவதியேதான்.

"அக்கா, லைன்ல இருக்கியா? அவதின்னா லீவுன்னு ஒனக்கே மறந்துபோச்சா?"

மறக்கவில்லை, மறக்கடித்துக்கொண்டாள். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போன புதிதில், ஊருக்குப் போக 'எனக்கு இரண்டு நாள் அவதி வேண்டும்' என்று எழுதிக்கொடுத்தாள். விடுதிக் காப்பாளர் அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்கப் படித்தார். "எதுக்கும்மா ரெண்டு நாளு? வருசம் பூரா தர்றோம்" என்றதும் கூடமே சிரித்தது. படிப்பு முடியும்வரை அவள் பெயர் அவதி. அன்றிலிருந்து தன் பேச்சில் மலை வாசனை வீசும் சொல்லையெல்லாம் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எறிந்தாள். இப்போது சுத்தத் தமிழில் எழுதி, தன் சொந்தத் தங்கையின் பிழைப்பில் கை வைத்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாய்ப் பொங்க, அழுதேவிட்டாள்.

டின்சி சேச்சியை அழைத்து நடந்ததைச் சொன்னாள். டின்சி மெதுவாக, மொழிபெயர்ப்பில் பிழை என்று பொதுவாகச் சொல்லிவிடலாமா என்று மலையாளத்தில் கேட்டார். வேலை போய்விடுமோ என்று செல்வப்பிரியா பயந்தாள். இருந்தாலும், "மொழிபெயர்ப்பு ஒன்றுமில்லை சேச்சி. அந்தப் பெண்கள் பேசும் தமிழ் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைத் தள்ளிவிட்டு எழுதினேன்" என்று அவளும் மலையாளத்திலேயே சொன்னாள்.

டின்சி அறக்கட்டளையிடம் அப்படியே சொன்னார். திட்டு வாங்கியதும் அவர்தான். கேள்வி மறுபடி போயிற்று. இந்த முறை பொத்தானில் என்ன எழுத என்று செல்வப்பிரியா தங்கையையே கேட்டாள்.

"கஷ்டம்னு போடு. கஷ்டம் எல்லாருக்கும் தெரியும்" என்றாள் சிவசங்கரி.

ஞாயிறு பச்சையாக வந்தது. காப்பகம் ஞாயிறும் திறக்கும் என்று முடிவாயிற்று. செல்வப்பிரியாவின் வேலை போகவில்லை. ஆனால் அடுத்து வந்த தமிழ் வேலை வேறொருத்திக்குப் போனது. அது நியாயம்தான் என்று தெரிந்தும் வலித்தது.

புது ஏற்பாட்டில் முதல் ஞாயிறு. காலையிலேயே தங்கையை அழைத்தாள். பின்னால் வாளி உருளும் சத்தம்.

"பிள்ளைய விட்டியாடி?"

"விட்டாச்சுக்கா, அழவே இல்ல. போன வையி, ஆளு வந்துக்கிட்டே இருக்கு. இன்னைக்கு எனக்கு அவதி இல்ல."

வைத்துவிட்டாள். பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஜெகன் நிமிர்ந்தான்.

"உன்ற தங்கச்சி என்ன சொல்லுது?"

"அவதி இல்லையாம்."

"நல்லதாப் போச்சு" என்று அவன் மறுபடி பேப்பருக்குள் போனான். அவள் அவனைத் திருத்தவில்லை.