லோர்னா போட்ட கருப்பு உருண்டைகள்

லோர்னா ஹேபெகர் பன்றிப் பண்ணைக்காரர் மகள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அவள் சிரித்தால் தெருக்கோடியில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்றைக்கு ஒஹாயோவில் எங்கள் பக்கத்து மாடு கன்றுகளுக்கெல்லாம் அவள்தான் வைத்தியம். கல்லூரிப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து தங்கும் எங்கள் சொராரிட்டி வீட்டில் அவளுக்கு இடம் கிடைத்ததே அதிசயம் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கிடக்கிறார்கள்! கல்லூரி நாளெல்லாம் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் நான், க்ளென்டா. எனக்குத் தெரியாததா?

அந்த வீட்டைப் பற்றி நான் வாய் ஓயாமல் குறை சொல்வேன். வெள்ளைக் கையுறை, தேநீர் விருந்து, உதட்டுச் சாயம் இன்ன நிறத்தில்தான் என்று ஆயிரம் சட்டம். ஆனால் லோர்னாவின் அம்மா இறந்த பனிக்காலத்தில், நாங்கள் அத்தனை பேரும் கார்களில் நெருக்கியடித்துக்கொண்டு அவள் பண்ணைக்குப் போனோம். பாத்திரம் கழுவினோம். பன்றிகளுக்குத் தீனி வைத்தோம், கையுறைக்காரிகள் உட்பட. நாங்கள் ஒருவரையொருவர் சகோதரி என்று கூப்பிட்டுக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் புரிந்தது. படிப்பையே விட இருந்தவளுக்கு, சமையலறையில் ஒத்தாசை செய்தால் இலவசமாகத் தங்கலாம் என்று ஏற்பாடும் செய்தோம். அந்த வீடு போனால் அவளுக்குக் கல்லூரியும் போச்சு.

அதே வீட்டில்தான் அந்தப் பாழாய்ப்போன மரப்பெட்டியும் இருந்தது. புதிதாகச் சேர வருகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெட்டி சுற்றி வரும். துளைக்குள் கையை விட்டு வெள்ளை உருண்டையோ கருப்பு உருண்டையோ போட வேண்டும். அத்தனையும் வெள்ளையாக இருந்து ஒன்றே ஒன்று கருப்பாக விழுந்தாலும் அவள் கதை முடிந்தது. யார் போட்டது, ஏன் போட்டது என்று மூச்சு விடக் கூடாது.

அறுபத்தொன்றாம் வருஷ இலையுதிர் காலத்தில் இனெஸ் வில்லாரியல் பெயர் வந்தது. டெக்சஸிலிருந்து சர்க்கரை பீட்ரூட் வயலில் கூலிக்குக் களை வெட்ட வந்து எங்கள் பக்கமே தங்கிவிட்ட குடும்பம். கல்லூரி ரசாயன ஆய்வுக்கூடத்தில் இனெஸ்தான் லோர்னாவுக்கு ஜோடி. "எங்க வீட்டுக்கு வந்துருடி" என்று லோர்னாதான் கூப்பிட்டிருந்தாள். எங்கள் தேநீர் விருந்துகளில் எல்லோரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவள் இனெஸ். அதனால் நான் கவலையே படவில்லை.

பெட்டியைத் திறந்தால் ஒரு கருப்பு.

பழைய மாணவிகள் சார்பில் எங்களைக் கண்காணிக்க வந்திருந்த திருமதி தார்ன்டைக் அசையவே இல்லை. "அடுத்த பேரு," என்றார்.

அடுத்தவள் வங்கி மேலாளர் மகள். ஒரு கருப்பு. அதற்கடுத்தவள் நீதிபதி மகள். அதற்கும் ஒரு கருப்பு. பிறகு திருமதி தார்ன்டைக்கின் சொந்த அண்ணன் மகள் பெயர் வந்தது. அதற்கும் கருப்பு விழுந்ததும் அம்மையார் மேசையைத் தட்டினார்.

"யாரு இந்த விளையாட்டு விளையாடறது?"

லோர்னா எழுந்தாள். "நான்தான் மேடம். இனெஸுக்குப் போட்டது நான் இல்ல, மத்ததெல்லாம் நான். அவ வர்ற வரைக்கும் ஒருத்தியும் வரமாட்டா."

"புதுசா ஆள் சேரலன்னா இந்த வீட்டையே இழுத்து மூடணும், தெரியுமா?"

"தெரியும் மேடம். எனக்கு வேற போக்கிடம் கிடையாது. உங்களவிட எனக்குத்தான் இந்த வீடு வேணும்."

"வாயப் பாரு! பன்னிங்களோட வளந்த புத்தி போகுமா?"

"பன்னி கடிச்சாலும் நேருக்கு நேர் நின்னு கடிக்கும் மேடம்."

ஐயோ, சிரிப்பு வந்தது எனக்கு.

"இவளை விலக்கணும். பெட்டியைச் சுத்தி விடுங்க," என்றார் அம்மையார். விலக்கச் சம்மதம் என்றால் வெள்ளை, கூடாது என்றால் கருப்பு. இதற்குப் பாதிப் பேருக்கு மேல் வெள்ளை போட்டாலே போதும். லோர்னா சுவரோரம் போய் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நான் கருப்பைப் போட்டுவிட்டு, என் ஒருத்தி உருண்டையால் என்ன ஆகப்போகிறது என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை மேசையில் கவிழ்த்தார்கள். கருப்பு, கருப்பு, கருப்பு. நாலாபக்கமும் உருண்டு ஓடின. தேடித் தேடிப் பார்த்தும் ஒரு வெள்ளை இல்லை!

திருமதி தார்ன்டைக் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். இனெஸ் பெயரை மறுபடி வாசித்தோம். இந்த முறை அத்தனையும் வெள்ளை. மற்ற பெண்களுக்கும் அப்படியே. அப்புறம் யார் நிற்பார்கள்? பாடிக்கொண்டே இனெஸின் விடுதிக்கு ஓடினோம்.

இனெஸ் வாசலுக்கு வந்தாள். லோர்னா மூச்சிரைக்க எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இனெஸ் சிரிக்கவில்லை.

"எனக்காக நீ நின்ன, லோர்னா. அத மறக்கமாட்டேன். ஆனா பெட்டிக்குள்ள கைய ஒளிச்சுக்கிட்டு என்னை எடுத்திருக்கீங்க. அப்படி வர எனக்கு இஷ்டமில்ல. நான் வேணும்னா, என் மூஞ்சியப் பாத்துக் கையத் தூக்குங்க."

அவள் கேட்டதில் என்ன தப்பு?

லோர்னாவின் நீளமான கைதான் முதலில் எழுந்தது. அடுத்து என் கை. பின்னால் ஒவ்வொன்றாக, நடைபாதை நெடுகிலும், எல்லாக் கைகளும் எழுந்தன. இனெஸுக்குக் கருப்புப் போட்ட கையும் அதில் இருந்தது. எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனெஸ் அவசரப்படவில்லை. ஒரு முகத்தையும் விடாமல் பார்த்து முடித்தாள்.

"சரி, வரேன்," என்றாள்.