உயரப் போய் மெல்ல விழும் பந்து

என் அக்காவைக் கொன்றது ஒரு பருந்து என்று என் மச்சான் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். தேயிலை மலையில் குளவிக் கூடு கலைந்தால் தோட்டத்தில் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். பருந்து கூட்டைக் கொத்தும், குளவி கிளம்பும், கீழே கொழுந்து எடுக்கிற பொம்பளைகள் மாட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். எங்கள் விஷயத்தில் மட்டும் உண்மை இல்லை. அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவளுடைய புருசனுக்கு மட்டும் தெரியாது. அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு வருடம் வாய் வரவில்லை.

அப்போது நான் நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தில் கேடி. ஆடுகிறவர்களின் பையைச் சுமந்துகொண்டு பதினெட்டுக் குழிக்கும் கூடவே நடக்கிற வேலை. பதினோரு வருடம் நடந்தேன். எந்த இடத்திலிருந்து எந்த மட்டையை எடுக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் தள்ளும், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எல்லாம் சொல்வேன். கொழும்பிலிருந்து வருகிற துரைமார் நான் சொன்னபடியே மட்டையை எடுத்து, நான் சொல்லாதபடி அடித்து, பந்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னை முறைப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்குக் கோபம் அதிகம், ஆனால் பையைத் தூக்குகிறவனுக்குக் கோபம் கட்டுப்படியாகாது.

ஒரு நாள் மைதானத்துப் பயிற்சியாளர் எங்களைக் கூப்பிட்டு, தனக்கு ஓர் உதவியாளர் வேண்டும், கேடிமாரிலிருந்தே எடுக்கப் போகிறேன் என்றார். சிங்களத்தில் பேசுகிற கறாரான மனிதர். தூரம் அடிக்க எந்தத் தடியனாலும் முடியும், குழியில் நிற்கிற கொடிக்கு முப்பது யார் தூரத்துக்குள் என்ன செய்கிறாய் என்றுதான் பார்ப்பேன் என்றார். நாலு விதமான அடி கேட்டார். தாழ்வாகத் தட்டி உருட்டி விடுவது, கொஞ்சம் தூக்கிப் போட்டு ஓடவிடுவது, மணல் குழியிலிருந்து எடுப்பது, கடைசியாக உயரப் போய் மெல்ல விழுந்து அங்கேயே நிற்பது.

அந்த வேலை கிடைத்தால் டவுனில் ஒரு குவார்ட்டர்ஸும் கிடைக்கும். அம்மா போன பிறகு நான் அக்காவும் மச்சானும் இருந்த தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஓர் அறைக் காம்பிராவில்தான் இருந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. மலையில் ஏறும்போது பின்னால் வருகிறவர்களுக்கே மூட்டுச் சத்தம் கேட்கும். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அவளை மலையிலிருந்து இறக்கிக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். அவளிடம் சொன்னால், “நீ மொதல்ல ஒரு கல்யாணத்தப் பண்ணு, அப்புறமா என்னைய எறக்கலாம்” என்பாள்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு மட்டை. மணல் குழிக்கான சேன்ட் வெட்ஜ், முகம் தேய்ந்துபோய் ஒருவர் வேண்டாம் என்று தந்தது. மைதானத்து ஓடையில் பொறுக்கின பந்து ஏழு. என்னுடையவை என்று தெரிய ஒவ்வொன்றிலும் பச்சை மையால் இரண்டு புள்ளி வைத்தேன்.

லயத்துக்கு மேலே பழைய பெரட்டுக்களம் ஒன்று கிடந்தது. ஒரு காலத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்த இடம். இப்போது வேலை பிரிப்பதெல்லாம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் என்பதால் புல் முளைத்துப் போயிருந்தது. அக்கா ஒரு சனிக்கிழமை கத்தியை எடுத்துக்கொண்டு போய் நடுவில் வட்டமாகப் புல்லை ஒட்ட அறுத்துவிட்டு வந்தாள். பக்கத்துக் காம்பிராக்காரி, மாடே இல்லாத வீட்டுக்குப் புல் எதுக்கு என்று கேட்டாளாம். “எங்க வீட்லயும் ஒரு மாடு நிக்கிது, வெள்ளப் பந்து திங்கிற மாடு” என்று சொன்னாளாம். இதை அவளே வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

உருட்டி விடுவது இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. காய்ந்த தரை அதற்குத் தோதானது. மணலுக்கு, வீடு கட்டித் தருகிறோம் என்று கொண்டுவந்து கொட்டிவிட்டு, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத மணல் குவியல் ஒன்று இருந்தது. பந்தைத் தொடவே கூடாது, பந்துக்கு இரண்டு விரல் பின்னால் மணலை அடிக்க வேண்டும், மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடும். இதைப் புத்திக்குப் புரியவைத்துவிடலாம். கைக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.

கடைசி அடிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும்படி நன்றாகத் திறந்து, பந்தை இடது காலுக்கு நேராக வைத்து, அறுபது யார் தூரத்துக்கு வீசுகிற மாதிரி முழுதாக வீச வேண்டும். ஆனால் பந்து பத்துப் பதினைந்து யார் தூரம்தான் போகும். மீதி விசை எல்லாம் உயரத்துக்குப் போய்விடும். இவ்வளவு கிட்டத்துக்கு இவ்வளவு வேகமா என்று கை பாதியில் பயந்து நின்றால் கெட்டது. மட்டையின் விளிம்பு பந்தின் தலையில் படும். மேலே போக வேண்டிய பந்து நெஞ்சு உயரத்தில் கல் மாதிரிப் பறக்கும்.

உயரம் பழக ஏதாவது உயரமாக முன்னால் வேண்டும். களத்தின் விளிம்பில் தலை வெட்டிவிட்ட நிழல் மரம் ஒன்று நின்றது. அதைத் தாண்டினால் சரிவு, சரிவில் ஆறாம் நம்பர் மலை. நான் அந்த மரத்துக்கு மேலே அடித்தேன். தாண்டின பந்துகளில் சில தேயிலைக்குள் உருண்டு போய்விடும். மறுநாள் அந்த மலையில் செடி வரிசையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கிற அக்கா, செடிக்கு அடியிலும் மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள்ளும் பார்த்துப் பொறுக்கி, இடுப்பில் கட்டியிருக்கிற முரட்டுப் படங்குத் துணியின் மடிப்புக்குள் போட்டுக்கொண்டு வருவாள். வாசலில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவாள். “இந்தா, ஒன் கோழி எங்க மலையில வந்து முட்ட போட்டிருக்கு.”

அந்த மரத்தின் கவட்டில் குளவிக் கூடு இருந்தது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. முதலில் பார்த்ததே அக்காதான்.

“அந்தப் பக்கம் அடிக்காதடா. கூடு பெருசா இருக்கு. கங்காணிகிட்டயும் சொல்லிட்டோம், எரிக்கிறோம்னாங்க, இன்னும் ஆளக் காணோம்.”

“மேலதானக்கா போகுது. கூட்டுல படாது.”

“பட்டுச்சுன்னா?”

“சரி, ஞாயித்துக்கெழம பின்னேரம் மட்டும் அடிக்கிறேன். அப்ப மலையில ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.”

அவள் சரி என்றாள். நான் அழுத்திக் கேட்டால் அவள் எதற்குத்தான் மாட்டேன் என்றாள்.

தேர்வு புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு நான் விடியற்காலை முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். வாரம் முழுக்கப் பெய்த மழையில் மைதானம் குளமாகக் கிடந்தது. இன்று ஆட்டம் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். பதினொரு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டேன். மச்சான் கடைக்குப் போயிருந்தார். அக்கா கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. பின்னேரம் வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று மட்டையை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஏறினேன்.

ஒரு வாரம் மழை பெய்து கொழுந்து தேங்கிப் போனால் ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கூப்பிடுவார்கள். விருப்பப்பட்டவர்கள் போய் எடுக்கலாம், எடுத்த அளவுக்குக் கையில் தருவார்கள். இது லயத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் பஸ் ஏறின பிறகு அன்றைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். வானத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைதானத்துப் புல்லை யோசித்து யோசித்து என் சொந்த மலையை யோசிக்கிற புத்தி எனக்கு மழுங்கிப் போயிருந்தது. வீட்டில் படங்கு ஆணியில் தொங்குகிறதா என்று திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

ஆறு பந்து வரிசையாக நன்றாகப் போயின. அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன் அடித்ததில்லை. அடுத்ததற்கு நிற்கும்போது புதன்கிழமை ஞாபகம் வந்தது. பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற மாதிரித் தோன்றியது. கை பாதியில் நின்றது. பந்து நேராகப் போய்க் கவட்டில் இறங்கியது. காய்ந்த பானையைத் தட்டினால் வருகிற சத்தம்.

நான் ஓடினேன். லயத்தைப் பார்த்து ஓடி, காம்பிராவுக்குள் போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அதற்குப் பிறகுதான் கீழே மலையிலிருந்து பொம்பளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. அப்போதும் கொஞ்ச நேரம் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நின்றேன் என்பது தெரியும்.

ஆட்கள் குளவியைப் புகைபோட்டு விரட்டச் சாக்கைக் கொளுத்திக்கொண்டு இறங்கினபோது நானும் இறங்கினேன். நாலு பேருக்குக் கொட்டியிருந்தது. மூன்று பேர் ஓடிவிட்டார்கள். முழங்கால் போன என் அக்கா ஓடவில்லை. மரத்துக்கு நேர் கீழே படங்கைத் தலைக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு கானுக்குள் குப்புறக் கிடந்தாள். கொழுந்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மச்சான் கடைவீதியில் கேள்விப்பட்டு அப்படியே அங்கே ஓடி வந்தார். யாரோ அவரிடம் பருந்து என்று சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மூன்று நாள் இருந்தாள். முகம் வீங்கிக் கண் இரண்டும் கோடாகிவிட்டன. மச்சான் கட்டிலை விட்டு அசையவில்லை. இரண்டாம் நாள் நான் வற்புறுத்தி, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரைக் கீழே அனுப்பினேன். அவருடைய செருப்புச் சத்தம் படியில் இறங்கினதும் அக்கா பேசினாள்.

“கட்டிலுக்குக் கீழ என் சாமான் பை இருக்கு பாரு. படங்க விரிச்சுப் பாரு.”

விரித்தேன். மடிப்புக்குள் பந்து இருந்தது. பச்சைப் புள்ளி இரண்டு.

“இந்தா, ஒன் முட்ட,” என்றாள். உதடு வீங்கியிருந்ததால் சிரிக்க வரவில்லை. “காலுகிட்ட வந்து விழுந்துச்சு. எடுத்து வைப்போமேன்னு குனிஞ்சேன்.”

நான் அழுதேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“மச்சான்கிட்ட சொல்லிறாத. ஒன்னைய வீட்ல வச்சிருக்க மாட்டாரு. நீ எங்கடா போவ?”

மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

பயிற்சியாளர் எனக்காகத் தேர்வை ஒரு மாதம் தள்ளி வைத்தார். போனேன். கடைசி அடியைப் பள்ளத்துக்கு மேலே தூக்கி, கொடிக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்தினேன். கை நடுங்கவே இல்லை. அது நடுங்காததற்காக என்னை நானே வெறுத்தேன். வேலை கிடைத்தது. இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பாதியில் கையை நிறுத்தாதீர்கள், பயந்தால் கெட்டுவிடும் என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன்.

மச்சானை எவ்வளவு கூப்பிட்டும் அவர் குவார்ட்டர்ஸுக்கு வரவில்லை. அவள் இருந்த காம்பிராவை விட மாட்டேன் என்றார். ஆனால் கடைவீதியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் மச்சினன் கோல்ஃப் மாஸ்டர் என்று பெருமை பேசுவார். வானத்தில் பருந்தைக் கண்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் கல்லைத் தேடுவார். அக்கா சொன்னதற்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது.

போன மாதம் இரண்டாவது தெவசம். படையல் போட்டு, வாழையிலையில் காக்கைக்குச் சோறு எடுத்துக்கொண்டு மச்சான் லயத்துக் கூரையில் வைத்தார். இரண்டு காகம் வந்து உட்கார்ந்தன. உடனே மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. காகம் இரண்டும் சோற்றைத் தொடாமல் பறந்துவிட்டன. மச்சான் குனிந்து கல்லை எடுத்தார்.

“அவளக் கொன்னது பத்தாதுன்னு அவ சோத்துக்கும் வருது பாரு, நாசமாப் போறது.”

நான் அவர் கையைப் பிடித்தேன்.

“அது பருந்து இல்ல மச்சான்.”

“பின்ன என்ன, கொக்கா?”

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, மரம், தாழ்ப்பாள் எல்லாம். இரண்டு வருடமாக என் பையிலேயே கிடந்த பந்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். அடிப்பார் என்று நின்றேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் பச்சைப் புள்ளிகளைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இது எப்புடி ஒங்கிட்ட?”

“அக்காதான் குடுத்துச்சு. ஆஸ்பத்திரியில.”

“எப்ப?”

“நீங்க தேத்தண்ணிக்கு எறங்கின நேரம். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னுச்சு.”

மச்சான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கூரையில் சோறு அப்படியே இருந்தது. என்னைப் பார்க்காமலே பேசினார்.

“மூணு நாளும் அவ பக்கத்துலயேதான் இருந்தேன். அந்த ஒரு தடவதான் எறங்கிப் போனேன். நான் எப்ப எந்திரிச்சுப் போவேன்னு பாத்துக்கிட்டே படுத்திருந்திருக்கா.”