இடது மருந்து, வலது மருந்து

தீபாவளி சீசன் வந்தால் விருதுநகரில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு டிரைவர்களின் ரத்தம் வந்து குவியும். பட்டாசு லோடு ஏற்றும் ஆள் போதையில் இருக்கக் கூடாதல்லவா? போன சீசனில் எம். புதுப்பட்டி டிரைவர் ஒருவருடைய ரத்தத்தில், தூக்கத்தை விரட்டும் போதை மருந்து இருப்பதாக முதல் சோதனை காட்டிவிட்டது. மறுநாள் காலை அவருடைய பட்டாசுக் கம்பெனி முதலாளி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“டீயத் தவிர எதையும் தொட்டதில்ல மேடம்,” என்றார் டிரைவர். எனக்குப் பாவமாக இருந்தது.

“பாவம் பாத்தா லாரி வெடிச்சிரும்மா. இன்னையோட இவன நிறுத்தப்போறேன்,” என்றார் முதலாளி.

“கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. இந்த மருந்துல எடது, வலதுன்னு ரெண்டு இருக்கு.”

“மருந்துக்கு ஏதும்மா எடது வலது?”

“உங்க ஆளுக பட்டாசு ரூமுக்கு வெளிய செருப்பக் கழட்டிப் போடுறாகள்ல? சோடி ரெண்டும் ஒரே அளவு, ஒரே தோலு. ஆனா எடது செருப்பு வலது காலுக்குச் சேராது. அப்படித்தான்.”

வலதுதான் ஆளைப் பேயாக ஆட்டுவது. இடது, அடைத்த மூக்கைத் திறப்பதோடு சரி. முதல் சோதனைக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. இரண்டையும் பிரித்து அளக்கிற கருவியில் ரத்தத்தை ஏற்றிவிட்டு வந்தேன்.

முதலாளிக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் குழல் ஒன்றை எடுத்து இரண்டு மூக்கிலும் வைத்து ஆசைதீர உறிஞ்சினார். வாங்கிப் பார்த்தேன். அமெரிக்கச் சரக்கு. எழுதியிருந்தது நம் இடது மருந்தின் பெயர்.

“மகனப் பாக்கப் போனப்ப வாங்கியாந்தது. கம்பெனில அம்புட்டுப் பேருக்கும் ஒண்ணு குடுத்தேன்,” என்றார் பெருமையாக.

டிரைவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். “பட்டாசுத் தூசில மூக்கு அடைக்கும் மேடம். நாளெல்லாம் அதத்தான் உறிஞ்சுவேன்,” என்றார் மெதுவாக.

கருவியின் திரையில் ஓடிய கோட்டில் ஒரே ஒரு மேடு எழுந்தது, இடது. வலது வரவேண்டிய இடம் வழித்து மெழுகின மாதிரி கிடந்தது.

நான் பேசாமல் முடிவை மட்டும் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

“இவரு ரத்தத்துல எடது மட்டுந்தான் அண்ணாச்சி, உங்க குழல்ல இருக்கதுதான். அந்த முதல் சோதனைக்கு உங்க ரத்தத்தையும் குடுக்கீகளா?”

முதலாளி குழலைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அப்புறம் டிரைவர் பக்கம் திரும்பி, “நாளைக்கு லோடு இருக்குல்லா, கெளம்புலே,” என்றார்.

டிரைவர் எழுந்தார். மடியிலிருந்து தன் குழலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும் மொதலாளி.”