வகுப்புக்கு வராத பிள்ளையை யார் தேடுவார்கள்?

1. ராங்க் கேட்காதவர்

அன்று என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பழனிசாமி, யுனிவர்சிட்டி ராங்க் என்ன என்று கேட்கவில்லை. எனக்கு அதுவே புதிதாக இருந்தது.

கோயமுத்தூர் காந்திபுரத்தில், வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க உதவும் ஒரு கன்சல்டன்சியில் நான் சீனியர் கவுன்சலர். நான் சேர்ந்த காலத்தில் பிராஸ்பெக்டஸ் தபாலில் வரும். இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில். ஆனால் பெற்றோர் கேட்கும் கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன. ராங்க் என்ன, ஃபீஸ் எவ்வளவு, ஸ்காலர்ஷிப் உண்டா, படித்து முடித்தபின் அங்கேயே தங்கி வேலை பார்க்கலாமா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுவேன்.

பழனிசாமிக்குக் காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம். மனைவி சரஸ்வதியும் மகள் மைதிலியும் கூட வந்திருந்தார்கள். மைதிலி பி.எஸ்சி. ஃபுட் சயின்ஸ் கடைசி வருஷம். வெளிநாட்டில் எம்.எஸ்சி. படிக்க ஆசை. மார்க் நன்றாக இருந்தது. ஆங்கிலப் பரீட்சையும் எழுதி முடித்திருந்தாள். நான் மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பி, நாலைந்து யுனிவர்சிட்டிகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். லேப் வசதி, கோர்ஸ் மாட்யூல், வேலைவாய்ப்பு. மைதிலி கவனமாகக் கேட்டாள். அவள் அம்மா ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை.

"ஏனுங்க மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றார் பழனிசாமி.

"கேளுங்க சார்."

"புள்ள ரெண்டு நாள் கிளாசுக்கு வரலீன்னா, அங்க யாராச்சும் கேப்பாங்களா?"

அட்டெண்டன்ஸ் விதிகளைக் கேட்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு சதவீதம் இருக்க வேண்டும், குறைந்தால் விசாவுக்கு என்ன ஆகும் என்று விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டு முடித்தார்.

"பர்சென்டேஜ் கேக்கலீங்க மேடம். ஆளு வந்து பாப்பாங்களான்னு கேக்கறனுங்க."

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. மைதிலியைப் பார்த்தேன். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"போன வருஷம் எங்க அண்ணன் படிக்கப் போன இடத்துல இறந்துட்டாருங்க மேடம்."

2. கோகுல்

கோகுலின் கதையை மைதிலி ஒரே மூச்சில் சொல்லவில்லை. அப்ளிகேஷன் வேலைக்காக வந்து போன நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

கோகுல் எஞ்சினியரிங் முடித்தவன். ஊரில் வேறொரு கன்சல்டன்சி மூலமாக இங்கிலாந்துக்குப் போயிருக்கிறான். பெரிய நகரம், பேர்பெற்ற யுனிவர்சிட்டி. அட்மிஷன் கிடைத்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் வீடு தேடி வந்து வாழ்த்தினார்களாம். அங்கே ஒரு வீட்டின் மாடியில் தனி அறை எடுத்திருந்தான். பக்கத்து அறைக்காரர்கள் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

ப்ராஜெக்ட் வேலை அதிகம், கொஞ்ச நாளைக்குப் போன் பேச முடியாது என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தான். அதனால் இங்கே யாரும் பதறவில்லை. அந்தச் சமயத்தில்தான் காய்ச்சல் வந்திருக்கிறது. வந்த காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று பிறகு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வாடகை விஷயமாக வந்த வீட்டுக்காரர்தான் அறையைத் திறந்து பார்த்தவர். அதற்குள் எத்தனை நாள் ஆகியிருந்தது என்று அந்தக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் கேட்டதில்லை.

அண்ணனுடைய கணக்குகளை மூடுவதற்காக மைதிலி அவனுடைய மெயிலைத் திறந்திருக்கிறாள். யுனிவர்சிட்டியிலிருந்து வரிசையாக மெயில்கள். வருகை குறைந்திருக்கிறது, கவனிக்கவும் என்று ஒன்று. இப்படியே போனால் விசாவுக்குப் பாதிப்பு வரலாம் என்று இன்னொன்று. 'அன்புள்ள கோகுல்' என்று தொடங்கிய கடைசி மெயில், காரமடையில் எல்லாக் காரியமும் முடிந்த பிறகு வந்திருந்தது.

"அது மிஷின் அனுப்பறதுங்க மேடம். அதுக்குத் தெரியாதில்லீங்களா," என்றாள் மைதிலி. அந்த மிஷினுக்காக அவள் பரிந்து பேசியதுபோல் இருந்தது. எழுந்து தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.

அவள் ஏன் அதற்குப் பிறகும் வெளிநாடு போக நினைத்தாள் என்று இதைப் படிப்பவர்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. கேட்டேன்.

"அண்ணன் இருந்திருந்தா நானும் போயிருப்பனுங்க. அவன்தான் எனக்கு இந்த கோர்ஸே சொன்னான். இப்ப போகாம நின்னுட்டா, எல்லாரும் அவன் போனதே தப்புன்னு பேசுவாங்க."

3. போனில் கேட்டது

எங்கள் ஓனர் செந்தில் சாரிடம் போய், பழனிசாமியின் கேள்வியை எல்லா யுனிவர்சிட்டிக்கும் மெயிலில் அனுப்பலாமா என்று கேட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா பாத்திமா, உங்க ஸ்டூடண்ட் செத்துப்போனா என்ன பண்ணுவீங்கன்னு எழுதிக் கேக்கறதா? நம்ம மேல என்ன நெனைப்பாங்க?"

"அப்படி எழுத மாட்டேன் சார். ஒரு பையன் ரெண்டு நாள் வரலைன்னா யார் பார்ப்பாங்கன்னு கேட்பேன்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா." அவருக்கும் வெளியூரில் படிக்கும் மகள் உண்டு. "போன்ல கேட்டுக்கோ. எழுத்துல வேண்டாம்."

போனில் கேட்டேன். ஒவ்வொரு இடத்திலும் இன்டர்நேஷனல் ஆபீஸில் மரியாதையாகத்தான் பேசினார்கள். மாணவர் நலனுக்கென்று போனில் ஒரு ஆப் இருக்கிறது என்றார் ஒருவர். எந்நேரமும் ஹெல்ப்லைன் உண்டு, மாணவர் கூப்பிட்டால் உடனே எடுப்போம் என்றார் இன்னொருவர். கூப்பிட முடியாத நிலையில் இருப்பவன் என்ன செய்வான் என்று கேட்டேன். அவர் இன்னொரு ஹெல்ப்லைன் நம்பரைக் கொடுத்தார். எங்கள் மாணவர்கள் வயது வந்தவர்கள், அவர்களுடைய அறைக்கு நாங்கள் போவதில்லை என்று ஒருவர் நேராகவே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

அயர்லாந்தில் ஒரு சிறிய ஊரில் இருந்த யுனிவர்சிட்டி, மைதிலியின் பட்டியலில் கடைசியில் இருந்தது. அதன் ராங்க் சுமார்தான். ஃபுட் சயின்ஸ் துறைக்கே நேராகப் போன் போட்டேன். துறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாரீன் என்ற அம்மா எடுத்தார். என் கேள்வியைச் சொன்னேன்.

"யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

அத்தனை பேரில் திருப்பிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் கோகுலையும் மைதிலியையும் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு மாரீன் சொன்னார்: எங்கள் வகுப்பு சின்னது. லேபுக்கு அடுத்தடுத்து வராவிட்டால் போன் செய்வேன். எடுக்காவிட்டால் நடந்து போய்ப் பார்ப்பேன், ஹாஸ்டல் பக்கம்தான். அப்படிச் செய்யச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. பெற்றோரைக் கூப்பிட வேண்டுமென்றால் மட்டும் அந்தப் பெண் முன்னாலேயே சம்மதம் எழுதித் தர வேண்டும்.

பழனிசாமியிடம் இதைச் சொன்னபோது, "அங்கயே போடுங்க மேடம்," என்றார். மைதிலிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ராங்கில் மேலே இருந்த இன்னொரு இடமும் அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது. அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள். மாரீன் கேட்ட சம்மதத்தையும் எழுதிக் கொடுத்தாள்.

4. தாய் தனியாக வந்த நாள்

அட்மிஷன் வந்து, விசாவுக்கு அனுப்பியிருந்த சமயம். ஒரு சாயங்காலம் சரஸ்வதி அம்மா தனியாக வந்தார். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"மேடம், விசா கெடைக்கலீன்னு சொல்லிப்போடுங்க."

"இன்னும் முடிவே வரலீங்களேம்மா."

"வந்தாலும் வரலீன்னு சொல்லிப்போடுங்க. நாஞ் சொன்னா அவங்கப்பாவும் கேக்க மாட்டாங்க, அவளும் கேக்க மாட்டா. நீங்க சொன்னா நம்பிக்குவாங்க. உங்க காலுல வேண்ணாலும் உழுகறனுங்க."

இந்த வேலையில் என்னைப் பொய் சொல்லச் சொன்னவர்கள் ஏராளம். வேலை பார்க்காத கம்பெனியில் பார்த்ததாக, இல்லாத வருமானம் இருப்பதாக. இப்படி ஒரு பொய்யை யாரும் கேட்டதில்லை. அதற்கு முன் எந்தப் பொய்க்கும் என் மனசு இப்படி இளகியதும் இல்லை.

"அது என்னால முடியாதுங்கம்மா," என்றேன். "நீங்க அந்த ஊர் அம்மாகிட்ட பேசுறீங்களா?"

மாரீனுக்கு வீடியோ கால் போட்டேன். கண்ணாடி போட்ட, நரைத்த தலை. சரஸ்வதி அம்மா அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "என்ற புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லச் சொல்லுங்க."

மொழிபெயர்த்தேன். மாரீன் மறுப்பாகத் தலையை ஆட்டினார். அப்படிச் சொல்ல முடியாது என்றார். யாராலும் முடியாது. ஆனால் அவள் வராவிட்டால் நான் தேடிப் போவேன். அதை மட்டும் சொல்ல முடியும்.

அதையும் மொழிபெயர்த்தேன். சரஸ்வதி அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாரனுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை. ஆனால் மைதிலி கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்கு அவர் வரவும் இல்லை. மகன் பெட்டியில் வந்து இறங்கிய இடம் அது.

5. மாரீன் கூப்பிட்டது

அங்கே குளிர்காலம் தொடங்கியிருந்தது. இங்கே சாயங்காலம், ஆபீஸ் மூடும் நேரத்தில் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பழனிசாமியிடமிருந்து போன்.

"மேடம், அந்தம்மா கூப்புட்டுட்டாங்க."

அவர் குரலில் உயிரே இல்லை.

"மைதிலிங்கறாங்க, ஆஸ்பத்திரிங்கறாங்க. வேறொண்ணும் புரியலீங்க. நீங்க கேட்டுச் சொல்லுங்க. நான் போன வெக்கலீங்க."

அவர் லைனில் இருக்க, ஆபீஸ் போனில் மாரீனைக் கூப்பிட்டேன். மைதிலிக்கு ஃப்ளூ வந்து, நுரையீரல் வரைக்கும் போயிருக்கிறது. லேபுக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. மாரீன் ஹாஸ்டலுக்கு நடந்து போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. வார்டனிடம் சாவி வாங்கித் திறந்தால், மைதிலி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் நினைவு தப்பிக் கிடந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோய், இப்போது ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பிழைத்துவிடுவாள் என்கிறார் டாக்டர்.

சொன்னேன். பழனிசாமி திரும்பத் திரும்பக் கேட்டார். "பேசறாளுங்களா? கண்ணு முழிச்சாளுங்களா?"

மறுநாள்தான் மைதிலியால் வீட்டுக்குப் பேச முடிந்தது. முதல் போன் வந்தபோது சரஸ்வதி அம்மா கறிவேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாராம். கணவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்தவர், மகள் குரலைக் கேட்கும்வரை அந்த இடத்தை விட்டு எழவில்லையாம்.

மைதிலி தேறிவிட்டாள் என்று ஆன பிறகு பழனிசாமி ஆபீசுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, செந்தில் சாரையும் கூப்பிட்டேன். பழனிசாமி உட்கார்ந்ததும் கேட்டார்:

"அந்தம்மா என்ன பண்ணுனாங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க மேடம்."

சொன்னேன். போன் செய்தது, நடந்து போனது, கதவைத் தட்டியது, சாவி வாங்கியது.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான் சார்."

அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தன பெரிய ஊருல, அத்தன பசங்கள்ல, ஒருத்தனக் கண்டுபுடிக்கறது பெரிய காரியமாட்ட இருக்குது, அதான் யாராலயும் முடியலீன்னு நெனச்சு மனசத் தேத்தி வெச்சிருந்தனுங்க மேடம். கதவத் தட்டுனா போதும்னு தெரியாதுங்க."

செந்தில் சார் டீ சொல்ல எழுந்தார். பழனிசாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார்.

6. இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

மைதிலி படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் உயிரோடு இருப்பது எங்கள் ஆபீசின் கெட்டிக்காரத்தனத்தால் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். மாரீன் வேலையை விட்டுப் போனால் அந்த யுனிவர்சிட்டியும் மற்ற இடங்களைப்போல ஆகிவிடலாம். ஒரு யுனிவர்சிட்டி நல்லது என்று நாம் சொல்லும்போது, பல சமயம் அங்கே இருக்கும் ஓர் ஆளைத்தான் சொல்கிறோம். அந்த ஆள் யாரென்று நமக்கே தெரிவதில்லை.

ராங்க் பாருங்கள், ஃபீஸ் பாருங்கள். அவை தேவைதான். அவற்றோடு பழனிசாமியின் கேள்வியையும் எல்லா இடத்திலும் கேளுங்கள். செந்தில் சார் இப்போது மெயிலிலேயே கேட்கச் சொல்லிவிட்டார். ஆனால் பெற்றோர் பலருக்கு இது பிடிப்பதில்லை. போன மாதம்கூட ஒருவர், நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இப்படியா பேசுவது என்று கோபித்துக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எதிர் பில்டிங் கன்சல்டன்சிக்குப் போய்விட்டார். போகட்டும்.

அனுப்பும் மெயிலுக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அந்த யுனிவர்சிட்டிகளை நான் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை. பெயரைச் சொல்லும்போது, கேட்டோம், பதில் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.