காதர் பாய் நிறுத்தாத டீக்கடை

இன்று குக்கரில் கொள்ளு வெந்த வாசனை வந்ததும் மனசு நாலுகால் பாய்ச்சலில் கம்பைநல்லூர் ஜட்கா ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டது. இப்போது அங்கே செல்போன் கடை. அம்மாவோடு காதர் பாய் வண்டியில் ஏறினால், சலங்கை குலுங்க, வைக்கோல் மெத்தையில் நான் பந்தாய்த் துள்ள, மொரப்பூர் ரயிலடிவரை பறப்போம். பாதி வழியில் எல்லா வண்டியும் நிற்கும் டீக்கடையில் பழக்கதோஷத்தில் குதிரை தயங்கினாலும், "ஹை, ஹை! டீ எங்கடா ஓடிப்போவுது? ரயில்தான் ஓடிப்போவும்!" என்று விரட்டுவார். அந்தக் கடையில் முன்பொருநாள் அவர் சாவகாசமாக டீ குடித்ததில்தான் ரயில் தவறி, அம்மா தன் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது.

"ஏம்மா, அப்புறமும் இவரு வண்டியிலயே ஏறுறோம்?" என்று கேட்டேன்.

"அன்னிக்கி என்னைவிட அதிகமா அழுதது அவருதாண்டி. இனி யாருக்கும் ரயிலத் தவற வுடமாட்டாரு."